கரகம் குடிவிடும் நாளுக்கு முன் ஆறு வளையங்கள்

அனுப்புநர்:
ஆ. பிரியந்தி,
தரம் 10 மாணவி,
7ஆம் இலக்க லயம், கீழ்ப்பிரிவு,
ஆர்ட்லின் தோட்டம்,
ஹட்டன்.
(இந்த விலாசத்துக்குத் தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டாம். காரணம் ஆறாம் பந்தியில் உள்ளது.)

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
மேல்ஓயா பிரதேச சபை.

விடயம்: ஆர்ட்லின் தோணித்துறையிலிருந்து அகற்றப்பட்ட உயிர்காப்பு வளையங்களையும் கயிற்றையும் எதிர்வரும் 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்கு முன் திருப்பி வைத்தலும், தொண்டர் குழுவுடனான உடன்படிக்கையைத் தொடர்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலுவலக எழுதுவினைஞருக்கும் எங்கள் தோட்டத்துரைக்கும் காட்டாதீர்கள். எங்கள் தோட்ட அலுவலகத்துக்கு இப்படி ஒரு மனு வந்தது என்றுகூடச் சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

1. என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. கடந்த வருடம் மே மாதம் எங்கள் தோணித்துறையில் இரண்டு பிள்ளைகள் தண்ணீரில் விழுந்தோம். காப்பாற்றப்பட்ட பிள்ளை நான். மற்றவள் சர்மிளா. என் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள். அவளுடைய அடக்கத்துக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். நாங்கள் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து கட்டிய மலர்வளையத்தில் தமிழில் எழுதியிருந்ததை, ஒரு சொல்லையும் விடாமல் நின்று வாசித்தீர்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2. தோணித்துறை பற்றிச் சொல்ல வேண்டும். அந்த இடம் உங்களுக்குத் தெரியும். ஆனால் தண்ணீருக்குக் கீழே இருப்பது தெரிந்திருக்காது. நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் அது எங்கள் தோட்டத்தின் தேயிலை மலை. மலைக்கு இறங்கிய பழைய பாதை இன்னும் நேராகத் தண்ணீருக்குள் போகிறது. அந்தப் பாதையில்தான் அக்கரைக் கிராமத்துப் படகு வந்து நிற்கும். பாதை பாசி பிடித்திருக்கும். தண்ணீருக்குள் கால் ஏழெட்டு எட்டு எடுத்து வைக்கும்வரை முழங்காலளவுதான். அதற்கப்பால் பழைய கல்லுக்கட்டு முடிகிறது. அங்கே காலுக்குத் தரை இல்லை. நீர்மட்டம் ஏறி இறங்குவதால் அந்த ஏழெட்டு எட்டு தண்ணீர் இறங்கிய கிழமைகளில் மூன்று எட்டாகிவிடும். கரையிலிருந்து போன கிழமை நடந்த தூரம் இந்தக் கிழமையும் நடக்கலாம் என்று நினைப்பவர்தான் விழுகிறார். நாங்களும் அப்படித்தான் விழுந்தோம்.

3. அன்று எங்கள் அம்மன் திருவிழாவின் கடைசி நாள். கரகத்தைத் தண்ணீரில் விட்டு அம்மனை வழியனுப்புவதை நாங்கள் குடிவிடுதல் என்று சொல்வோம். முழுத் தோட்டமும் துறைக்கு இறங்கும். நானும் சர்மிளாவும் முளைப்பாரிச் சட்டிகளுடன் கை கோத்துக்கொண்டு இறங்கினோம். தப்பு மேளச் சத்தத்தில் நாங்கள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. படகில் வந்துகொண்டிருந்த ஜூட்சன் அண்ணன்தான் கண்டார். அவர் தென்பகுதிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஐந்து வருடம் உயிர்காப்பாளராக வேலை செய்துவிட்டு அந்தச் சித்திரையில்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். படகில் ட்ரக்டர் டியூப் ஒன்று கிடந்தது. ஒன்றுதான். அதை எங்கள் பக்கம் எறிந்துவிட்டுக் குதித்தார். டியூப் என் கைக்கு எட்டியது. சர்மிளாவுக்கும் எனக்கும் நடுவில் எட்டடி தூரம் இருந்திருக்கும். இரண்டாவது வளையம் ஒன்று இருந்திருந்தால் இந்த மனுவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியிருப்போம். இல்லை, எழுதவே தேவை வந்திருக்காது.

4. அதற்குப் பிறகு உங்கள் சபை செய்ததை நான் மறக்கவில்லை. ஜூட்சன் அண்ணன் தலைமையில் எங்கள் தோட்டத்து ஏழு பேரும் அக்கரைக் கிராமத்துச் சமிந்த உட்பட நான்கு பேரும் தொண்டர் குழுவாகச் சேர்ந்தபோது, சபை அவர்களோடு ஒரு வருட உடன்படிக்கை எழுதியது. ஆறு வளையங்களும் நீளக் கயிறும் தந்தது. நீர்மட்டம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முன் உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் குழுவுக்குத் தொலைபேசியில் சொல்வார். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன், குழுவில் ஒருவர் துறைக்கு இறங்கி, சுண்ணாம்பு பூசிய கம்பால் ஆழம் பார்த்து, கல்லுக்கட்டுக்கு இப்பால் கயிற்றை மாற்றிக் கட்டுவார். மழையானாலும் அந்த வேலை நின்றதில்லை. வளையங்களை ஓர் அறை கட்டிப் பூட்டி வைக்கலாம் என்று சிலர் சொன்னபோது ஜூட்சன் அண்ணன் சிரித்தார். "பூட்டுக்குச் சாவி தேடுறதுக்குள்ள ஆளு போயிருவான். கடக்கரையிலயும் ஹார்பர்லயும் கம்பத்துலதான் தொங்கும். சின்னப் புள்ள கைக்கு எட்டணும்" என்றார். அப்படியே தொங்கவிட்டார்கள். ஒரு வருடத்தில் ஒன்றுகூடக் களவு போகவில்லை. சிறு பிள்ளைகள் ஆறு வளையத்துக்கும் பெயர் வைத்தார்கள். இருப்பதில் குண்டானதற்கு, எங்கள் மலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கின் வயிற்றைப் பார்த்து, 'கண்டாக்கையா' என்று பெயர். அந்தக் கண்டாக்கையா ஒரு வருடத்தில் மூன்று உயிரைக் கரை சேர்த்திருக்கிறார். அதில் ஒருவர் கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்தவர்.

5. நேற்று, 11ஆம் திகதி திங்கட்கிழமை பகல், சபையின் ட்ரக்டர் வந்து ஆறு வளையங்களையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. உட்பிரவேசிக்கத் தடை என்று ஒரு பலகையை நட்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். கொழுந்து நிறுக்க வந்த பெண்களும் கூடிவிட்டார்கள். ஜூட்சன் அண்ணன் ஓடி வந்து ஏன் என்று கேட்டார். வந்த ஊழியர், "மீட்டிங்குக்கு வர ஒங்களுக்கு நேரமில்ல. வளையம் மட்டும் தொங்கணுமா?" என்றார்.

"என்னா மீட்டிங்குங்க? யாருகிட்ட சொன்னீங்க?"

"கடிதாசி போட்டமே. அதயும் நாங்களே வந்து வாசிச்சுக் காட்டணுமா?"

எல்லோரும் ஜூட்சன் அண்ணனைப் பார்த்தார்கள். கடிதம் எதுவும் வரவில்லை என்று அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சர்மிளாவின் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஒன்னய நம்பித்தானேடா இருந்தோம், ஜூட்சா" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போது என் அப்பா முன்னால் வந்தார். எங்கள் தோட்டத்துக்குத் தபால் பை கொண்டு வருபவர் அவர்தான். "எம் பையில வராம கடிதாசி வேற எப்புடி வரும்? குழுவுக்கு ஒண்ணும் வரல. சத்தியமாச் சொல்றேன்" என்று, திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய கையைத் தூக்கிச் சொன்னார். ஊழியர் சிரித்துவிட்டு ட்ரக்டரில் ஏறினார். ட்ரக்டர் போன பிறகு ஒரு சின்னப் பிள்ளை, "கண்டாக்கையாவையும் கொண்டுட்டுப் போயிட்டாங்க" என்று அழுதது. யாரும் சிரிக்கவில்லை.

6. ஐயா, இனி எழுதப்போவதுதான் நான் பயப்படும் பகுதி.

என் அப்பாவின் பெயர் ஆண்டியப்பன். மலையில் விழுந்து கால் நொண்டியான பிறகு தோட்ட நிருவாகம் அவருக்குத் தபால் வேலை கொடுத்தது. லயத்தின் வரிசை வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் இல்லை. எல்லாக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அப்பா ஆள் பார்த்துக் கொடுப்பார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், சிங்களம் தெரியாது. சிங்களத்தில் விலாசம் எழுதிய உறைகளை மாலையில் என்னிடம் காட்டி யாருடையது என்று கேட்பார்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு திருவிழாவின் நடுவில், மூக்கன் என்பவர் வீட்டுக்கு அப்பா ஒரு நீதிமன்ற அழைப்பைக் கொடுத்தார். அந்த வருடம் கரகம் எடுக்க இருந்தவர் மூக்கன். அன்று இரவே அந்த வீட்டில் அடிதடியாகி, அவர் காப்பை அறுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்தை விட்டே போய்விட்டார். கரகம் நின்றது. தோட்டமே அப்பாவைத் திட்டியது. அதிலிருந்து அப்பா தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். காப்புக் கட்டிய நாளிலிருந்து கரகம் குடிவிடும்வரை பதினாறு நாளும் காக்கி உறைகளை யாருக்கும் கொடுப்பதில்லை. காக்கி உறை என்றால் பொலிஸ், கோர்ட்டு, அடகுக்கடை ஏலம் என்பதுதான் எங்கள் லயங்களில் எல்லோருடைய நினைப்பும். "சாமி போற வரைக்கும் ஒரு வீட்லயும் அழுக சத்தம் கேக்கக் கூடாது. பதினாறு நாளையில எந்தக் கோர்ட்டும் ஓடிப் போயிராது" என்பார். அந்த நாட்களில் என்னிடமும் உறைகளைக் காட்டமாட்டார். திருவிழா முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். தெரிந்தவர்கள் சிலர் அதற்காக அவரை வாழ்த்தியும் இருக்கிறார்கள்.

இந்த வருடம் மே முதலாம் திகதி காப்புக் கட்டியாகிவிட்டது.

7. நேற்று அப்பா கையைத் தூக்கிச் சத்தியம் செய்தபோதே எனக்கு அந்தக் காக்கி உறைகள் ஞாபகம் வந்தன. இன்று மாலை அவர் கோயிலுக்குப் போன நேரம், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் தகரப்பெட்டியைத் திறந்தேன். பதினொரு காக்கி உறைகள் இருந்தன. ஆறாவது உறையில் உங்கள் சபையின் முத்திரை இருந்தது. விலாசம் முழுவதும் சிங்களத்தில்: உயிர்காப்புத் தொண்டர் குழு, ஆர்ட்லின் தோட்டம். நான் அதைத் திறந்தேன். இன்னொருவருடைய கடிதத்தைத் திறந்தது குற்றம் என்று தெரியும். அந்தக் குற்றம் என்னுடையது, அப்பாவுடையது அல்ல.

கடிதத்தின் திகதி ஏப்ரல் 29. தபால் முத்திரையில் மே 4. உடன்படிக்கையைப் புதுப்பிக்க மே 7ஆம் திகதி காலை பத்து மணிக்கு உறுப்பினர் பட்டியலுடன் சபைக்கு வர வேண்டும், வராவிட்டால் குழுவுக்கு விருப்பமில்லை என்று கருதி உபகரணங்கள் மீளப் பெறப்படும் என்று இருக்கிறது. சபை தன் பங்குக்குச் சரியாகத்தான் நடந்திருக்கிறது. குழுவும் தன் பங்குக்குச் சரியாகத்தான் நடந்திருக்கிறது. மே 7ஆம் திகதி காலையிலும் சமிந்த துறையில் நின்று கயிறு மாற்றிக் கட்டியதை நான் பள்ளிக்கூடம் போகும்போது கண்டேன். நடுவில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கடிதத்தையும் உறையையும் இதனுடன் இணைத்திருக்கிறேன். தபால் முத்திரையைப் பார்த்துக்கொள்ளவும்.

8. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானூறு பேருக்கு மேல் அந்தத் துறைக்கு இறங்குவார்கள். தடைப் பலகை அவர்களை நிறுத்தாது. அம்மனை வழியனுப்ப வேறு இடம் இல்லை. பத்து நாளாக மழை என்று அணைக்கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் இறங்கி மூன்று எட்டுக்கு வந்துவிட்டது என்று இன்று காலை படகுக்காரர் சொன்னார். கயிறு இல்லாததால் கல்லுக்கட்டு எங்கே முடிகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

என் அம்மா வீரம்மா இந்த வருடம் முளைப்பாரி எடுக்கிறார். நான் உயிரோடு திரும்பி வந்ததற்கு வைத்த நேர்த்தி. இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டியை விடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. மூன்று எட்டுக்கு முன் இடுப்பளவு தண்ணீர் அங்கே கிடையாது. முழங்கால், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். "ஒன்னயக் குடுத்தவ என்னய விட்ருவாளா?" என்கிறார். சர்மிளாவின் அம்மாவும் போன வருடம் வேண்டித்தான் சட்டி கொடுத்து அனுப்பினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூட்சன் அண்ணனும் மற்றவர்களும் பலகையை மீறி ட்ரக்டர் டியூப்புடன் துறையில் நிற்கப்போவதாகச் சொல்கிறார்கள். நின்றால் பொலிஸ் வரும் என்று ஊழியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுபடியும் ஒரு டியூப். நான் அதை யோசித்துத்தான் இன்று தூங்கவில்லை.

9. ஆகவே உங்களைத் தயவாகக் கேட்டுக்கொள்வது:

அ) சனிக்கிழமை மாலைக்குள் ஆறு வளையங்களும் கயிறும் துறையில் அதே கம்பங்களுக்குத் திரும்ப வர வேண்டும். உடன்படிக்கை எழுத நாட்கள் போதாவிட்டால் ஞாயிறு ஒரு நாளைக்காவது வாய்மொழி அனுமதி தாருங்கள்.

ஆ) குழுவைத் தொலைபேசியில் அழையுங்கள். ஜூட்சன் அண்ணனின் இலக்கம் உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் இருக்கிறது. இந்தக் கிழமை எதையும் தபாலில் போடாதீர்கள். அது அப்பாவின் பைக்குத்தான் வரும், காக்கி உறையில் வந்தால் திங்கட்கிழமைதான் கிடைக்கும்.

இ) சபையின் குறிப்பேட்டில் குழு வரவில்லை என்று எழுதியிருந்தால், கடிதம் கிடைக்கவில்லை என்று திருத்துங்கள். ஒரு வருடம் விடியற்காலையில் தண்ணீரில் நின்றவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று எந்தத் தாளிலும் விட்டுவைக்காதீர்கள்.

ஈ) தோட்டங்களுக்கு அனுப்பும் கடிதங்களின் விலாசத்தைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். இந்த உறையின் மேல் குழுவின் பெயர் தமிழில் இருந்திருந்தால் அப்பா அன்றைக்கே ஓடிப்போய்க் கொடுத்திருப்பார். என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியவரின் கடிதத்தை அவர் ஒரு மணித்தியாலம்கூட வைத்திருக்கமாட்டார்.

உ) என் அப்பா களவெடுக்கவில்லை. பொய்ச் சத்தியமும் செய்யவில்லை, தெரியாமல் செய்தார். இது தோட்ட அலுவலகத்துக்குத் தெரிந்தால் அவருடைய வேலை போகும். நொண்டிக் காலோடு மலைக்கும் ஏற முடியாது. வேலை போவதைவிட, காப்புக் கையால் சொன்னது பொய்யாகிவிட்டது என்று தெரிந்தால் அவர் என்ன ஆவார் என்றுதான் பயமாக இருக்கிறது.

10. ஆரம்பத்தில் யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதினேன். இவ்வளவும் எழுதி முடித்த பிறகு மறுபடி வாசித்துப் பார்த்தேன். கடிதம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சபையில் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். முடிந்தவரை மறைத்துவிடுங்கள். மறைத்தால் வளையம் வராது என்று ஒரு நிலை வந்தால், காட்டிவிடுங்கள். ஆறாம் பந்தியையும் சேர்த்துக் காட்டுங்கள். போன வருடம் ஜூட்சன் அண்ணன் யாரைத் தூக்குவது என்று யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. நானும் நிற்கமாட்டேன்.

நாளை கணக்கு வகுப்புக்காக ஹட்டனுக்குப் போகிறேன். பஸ் உங்கள் அலுவலகத்தைத் தாண்டித்தான் போகும். இறங்கி, தவிசாளர் கையில் மட்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். நீங்கள் இல்லாவிட்டால் வரும்வரை வாசலில் நிற்பேன்.

உங்கள் நல்ல முடிவுக்காக எங்கள் தோட்டத்தின் நானூறு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு மட்டும்தான் அது தெரியும்.

திகதி: 12.05.2026
இடம்: ஆர்ட்லின் தோட்டம், கீழ்ப்பிரிவு

இப்படிக்கு,
பிரியந்தி ஆண்டியப்பன்

பின்குறிப்பு: பெயர் போடாமல் அனுப்பலாம் என்றுதான் தொடங்கினேன். பெயரில்லாத மனுவைச் சபையில் எடுக்கமாட்டார்கள் என்று எங்கள் குடியியல் ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதனால் மேலேயும் கீழேயும் போட்டுவிட்டேன். மற்றப் பத்து உறைகளையும் திறக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றில் யாருடைய அவசரம் இருக்கிறதோ...

அடுப்படிக் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "பிரியந்தி, லைட்டு எரியுது. இந்நேரத்துக்கு என்னாம்மா எழுதுற?" என்கிறார். தாளை விறகுக்கு அடியில் தள்ள நேரம் இருக்கிறது. தள்ளப்போவதில்லை. சபையின் கடிதத்தைத் தமிழாக்கி அவருக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன். கதவைத் திறக்கிறேன்.